நீதவானை ‘வாடா’ என்பதா?

இந்தக் கதையை மூன்று மாதமாக எழுதாமல் வைத்திருந்தேன். சம்பந்தப்பட்ட அம்மாவின் அனுமதி கிடைக்கவில்லை. இந்தக் கிழமைதான் கிடைத்தது. “எழுதுங்கோ அண்ணை, ஆனால் என்ரை வயதை மட்டும் போடாதேங்கோ.”

போடவில்லை.

போன புரட்டாதியில் ஒரு நாள் மத்தியானம் ரெலிபோன் அடித்தது. எங்கள் அடுக்குமாடியின் ஆறாம் தளத்திலிருந்து தில்லையம்பலம். வழக்கமாக எதையும் சிரித்துக்கொண்டு சொல்பவர், அன்று குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“அண்ணை, கவண்மென்றிலை இருந்து மங்கைக்குக் கடிதம் வந்திருக்கு. அதிலை ‘வாடா’ எண்டு எழுதிக் கிடக்கு.”

நான் ஊரில் முப்பத்திரண்டு வருடம் கச்சேரி என்னும் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்தவன். அரச கடிதங்களில் எத்தனையோ வகை அவமரியாதை பார்த்திருக்கிறேன்; சிலவற்றை நானே எழுதியும் இருக்கிறேன். ஆனால் ‘வாடா’? அதுவும் ஒரு பெண்ணுக்கு?

“குறைஞ்சது ‘வாடி’ எண்டாவது போட்டிருக்க வேண்டாமோ?” என்றார் தில்லை.

ஒன்பதாம் தளத்திலிருந்து இறங்கிப் போனேன். இங்கே ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் எனக்குப் பெற்றோர் வைத்த பெயர் வழக்கொழிந்து போயிற்று. ‘ஃபோர்ம் அண்ணை’ என்றால்தான் தெரியும். ஸ்பொன்சர் ஃபோர்ம், வாடகை ஃபோர்ம், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் ஃபோர்ம்... எந்தக் கட்டத்தில் புள்ளடி, எந்தக் கட்டத்தில் மௌனம் என்று எனக்குத் தெரியும். இந்த நாட்டின் அலுவலகங்களில் வேலை செய்பவர்கள்கூட அதை இவ்வளவு ரசித்துச் செய்வதில்லை.

கடிதத்தை வாசித்தேன். ஒன்றுமில்லை. திருமதி மங்கையற்கரசி தில்லையம்பலம், குடியுரிமை விண்ணப்பம் தொடர்பாக, இன்ன நாள், இன்ன நேரம், நீதிபதி வாடா அவர்கள் முன்னிலையில் நேர்முக விசாரணைக்குத் தோன்ற வேண்டும்.

“ஆள் ஜப்பான்காரர்,” என்றேன். “அது அவையின்ரை குடும்பப் பேர்.”

தில்லை கடிதத்தை வாங்கி மறுபடி பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சோபாவில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்து, கண்ணீர் வரச் சிரித்தார். மங்கை மட்டும் சிரிக்கவில்லை. குசினி வாசலில் கரண்டியோடு நின்று, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அப்ப அந்தாளை நான் எப்பிடிக் கூப்பிடுறது?”

அப்போது அது ஒரு கேள்வியாகவே எனக்குப் படவில்லை.

இனி, ஏன் இது சிரிப்பு விஷயமல்ல என்று சொல்கிறேன். மங்கையின் ஒரே மகன் ரமணன் ஜேர்மனியில். தாயும் பிள்ளையும் பிரிந்து ஒன்பது வருடம். வரும் தையில் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மங்கையிடம் இருந்தது அகதிகளுக்குரிய பயணப் பத்திரம். அதை வைத்து இரண்டு தரம் விசாவுக்குப் போட்டு இரண்டு தரமும் இல்லையென்று வந்துவிட்டது. கனடா பாஸ்போர்ட் இருந்தால் விசாவே வேண்டாம். பாஸ்போர்ட்டுக்குக் குடியுரிமை வேண்டும். குடியுரிமைக்கு நீதிபதி கையெழுத்து வேண்டும். அவர் ‘ஆங்கில அறிவு போதாது’ என்று ஒரு வரி எழுதினால், மேன்முறையீடு அல்லது புதிய விண்ணப்பம். எப்படிப் போனாலும் தை போய்விடும்.

வயதைக் காரணம் காட்டி இந்தப் பரீட்சையிலிருந்து விலக்குக் கேட்கலாம். மங்கைக்கு அந்த வயது வர இன்னும் கொஞ்சம் இருந்தது. இதற்கு மேல் சொன்னால் கொடுத்த வாக்கை மீறியவனாவேன்.

தில்லை போன வருடமே பிரஜையாகிவிட்டார். அதை மறக்கவும் விடமாட்டார். தேத்தண்ணி கேட்பதே, “இந்தக் கனேடியனுக்கு ஒரு தேத்தண்ணி போடும்” என்றுதான்.

எனக்கு எதையும் ஆவணத்தோடு தெரிந்துகொள்ள வேண்டும். நூலகத்துக்குப் போனேன். ஜப்பானில் இந்தப் பெயர் மிகச் சாதாரணமாம். எங்கள் பக்கத்துக் கந்தசாமி மாதிரி. வாத்தியார் வாடா, வைத்தியர் வாடா, மீன் விற்கும் வாடா, மந்திரி வாடா. எங்கள் ரொறன்ரோ ரெலிபோன் புத்தகத்திலேயே வாடாக்கள் வரிசையாக நின்றார்கள். இன்னும் பல பக்கம் முன்னால் புரட்டினால் ‘ஓடா’ என்றொரு பரம்பரை. ஒரே தெருவில் வாடாவும் ஓடாவும் குடியிருந்தால் ஒரு தமிழன் எந்தப் பக்கம் போவான்?

சிரிக்க எங்களுக்கு உரிமை உண்டா என்பது வேறு விஷயம். எங்கள் பெயர்கள் 401 நெடுஞ்சாலை மாதிரி. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் வெள்ளைக்காரர் பாதியில் இறங்கிவிடுவார். தில்லையம்பலத்தை வேலையிடத்தில் முதல் எழுத்தோடு நிறுத்தி ‘மிஸ்டர் ரி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். இரண்டே எழுத்தில் பெயர் வைத்த சனத்தைப் பார்த்து நாம் சிரிக்கலாமா?

பெயருக்குப் பொருளும் கண்டுபிடித்தேன். ஜப்பானியர் எழுதும் முறையில் முதல் எழுத்து சமாதானம், இரண்டாம் எழுத்து வயல். சமாதான வயல். ஆறாம் தளத்தில் போய் இதைச் சொன்னேன்.

“நல்ல பேர்,” என்றார் தில்லை. “எங்கடை ஊரிலை வயல் இருக்கு. மற்றதுதான் இன்னும் வரேல்லை.”

பயிற்சியைத் தொடங்கினோம். அரசாங்கம் தரும் கேள்வி-பதில் புத்தகத்திலிருந்து நாற்பது கேள்வி எடுத்து எழுதிக் கொடுத்தேன். மாகாணங்கள், தலைநகரம், மகாராணியின் பிரதிநிதி, வாக்களிக்கும் உரிமை. மங்கை மூன்றே நாளில் பாடமாக்கிவிட்டார். மேற்கிலிருந்து கிழக்காக மாகாணங்களைச் சொல்வார். கேட்டால் கிழக்கிலிருந்து மேற்காகவும் சொல்வார். கந்தசஷ்டி விரதம் பிடிக்கும் ஆளுக்கு இதெல்லாம் ஒரு சிரமமா?

சிக்கல் முதல் வரியிலேயே இருந்தது. ‘குட் மோர்னிங், ஜட்ஜ் வாடா.’ நான் எழுதிக் கொடுத்த முதல் வரி அது. மங்கை ‘குட் மோர்னிங் ஜட்ஜ்’ வரை வருவார். அங்கே நின்றுவிடுவார்.

“சொல்லுங்கோ, வாடா.”

“ஏலாது அண்ணை.”

“அது பேர்.”

“நான் பெத்த பிள்ளையையே ‘வாங்கோ ராசா’ எண்டு கூப்பிட்டு வளர்த்தனான். ஒரு நீதவானை வாடா எண்டு சொல்ல எனக்கு வாய் வருமோ?”

இது யாழ்ப்பாணத்து வாய். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் ‘ங்கோ’ போடும். கடன்காரனைத் திட்டும்போதுகூட மரியாதை குறையாமல் திட்டும். அந்த வாயில் போய் வாடாவைத் திணித்தால்?

அப்போதுதான் தில்லைக்கு ஒரு யோசனை வந்தது. அவருடைய யோசனைகள் எல்லாம் இப்படித்தான் முடியும் என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை. “என்னைப் பார்த்துச் சொல்லிப் பழகும். பத்துத்தரம் சொன்னால் கூச்சம் போயிடும்.”

சோபாவில் நீதிபதி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். மங்கை எதிரில் நின்றார். முதல் ‘வாடா’ காதில் விழவில்லை. இரண்டாவது கொஞ்சம் விழுந்தது. மூன்றாவதில் குரல் தெளிந்தது. ஐந்தாவதில் ஒரு கை இடுப்புக்குப் போனது. ஏழாவது ‘வாடா’ வந்தபோது அதில் முப்பது வருடத்து மணவாழ்க்கை முழுவதும் இருந்தது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்த சத்தம் கேட்டது.

“காணும், காணும்,” என்று தடுத்தார் தில்லை.

“பத்துத்தரம் எண்டு நீங்கள்தானே சொன்னியள்,” என்று மங்கை மீதி மூன்றையும் சொல்லி முடித்தார். முகத்தில் அப்படியொரு தெளிவு. நானும் திருப்தியோடு மாடியேறினேன். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

நேர்முக நாள். கெனடி பஸ் எடுத்து, இன்னொன்று மாறி, ஒரு மணித்தியாலம் முன்பே போய்விட்டோம். எல்லாப் பத்திரமும் ஒரிஜினலும் கொப்பியுமாகத் தனித்தனி உறையில். கடைசியாக ஓர் அறிவுரை சொன்னேன்: கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. அவசரம் காட்டினால் இரக்கம் கேட்பது போலிருக்கும். இரக்கம் கேட்டால் தகுதியில்லை போலிருக்கும். மங்கை தலையாட்டினார். பெயர் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட பெண் ‘மிஸஸ் மங்...’ என்று தொடங்கி மன்னிப்புக் கேட்டு நிறுத்தினாள். மங்கை உள்ளே போனார். கதவு மூடியது.

விண்ணப்பதாரர் தவிர வேறெவரும் உள்ளே போக முடியாது. அது விதி. நானும் தில்லையும் வெளியே நாற்காலியில்.

ஐந்து நிமிடத்தில் கதவு திறந்தது. நீதிபதியே எட்டிப் பார்த்தார். அறுபதை நெருங்கிய, நரைத்த, மெல்லிய மனிதர். இந்த அம்மாவோடு வந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். தில்லை என்னைக் கை காட்டினார். நான் போனேன். முப்பத்திரண்டு வருட அனுபவத்தில் சொல்கிறேன்: ஐந்தாம் நிமிடத்தில் அதிகாரி தானே கதவைத் திறந்தால் அது நல்ல செய்தி அல்ல.

நடந்தது இதுதான். மங்கை உள்ளே போனதும் வணங்கி, “குட் மோர்னிங், ஜட்ஜ் வாங்கோ,” என்றிருக்கிறார். தவறிச் சொல்லிவிட்டார் என்று நினைத்து அவர் தன் பெயரைச் சொல்லியிருக்கிறார். “யெஸ், ஜட்ஜ் வாங்கோ.” மேசையில் பெயர்ப் பலகை இருந்தது. அதை வாசிக்கச் சொல்லியிருக்கிறார். மங்கை குனிந்து, எழுத்தெழுத்தாகப் பார்த்து, நிமிர்ந்து, இன்னும் பணிவாக வாசித்திருக்கிறார்: “வாங்கோ.”

நான்கெழுத்து ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர் என்று அவர் முடிவுக்கு வந்ததில் என்ன பிழை?

“பழகினனீங்கள்தானே,” என்று பல்லுக்குள் கேட்டேன்.

“அது இவரை. இது நீதவான்,” என்றார் மங்கை.

இந்த அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியுமா என்று நீதிபதி என்னிடம் கேட்டார். நன்றாகத் தெரியும், உங்கள் பெயரைச் சரியாக வாசித்ததுதான் பிரச்சினை என்றேன். அவர் புருவம் உயர்ந்தது. நான் தொண்டையைச் செருமினேன். தமிழில் ஏவல் வினை, அதில் ஒருமை, பன்மை, மரியாதைப் பன்மை என்று ஒரு சிறு உரை என்னிடம் தயாராக இருந்தது. “தமிழ் மொழியில், சேர்...”

அவர் கையை உயர்த்தினார்.

“நீங்கள் இல்லை. அவர் சொல்லட்டும்.”

இந்தக் கேள்வி என் நாற்பதில் இல்லை. மங்கை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்; உதவி செய்தால் குற்றம். வைத்த காலை எடுக்க முடியாத இடம் அது.

“யுவர் நேம்... இன் தமிழ்... பாட் வேர்ட்,” என்றார் மங்கை.

எவ்வளவு கூடாத சொல் என்று கேட்டார் நீதிபதி.

“நொட் வெரி பாட். லிற்றில் பாட்.” கையை முழங்கால் உயரத்தில் பிடித்தார். “ஸ்மோல் போய், கம்... வாடா. பிரென்ட், கம்... வாடா.” கை தலைக்கு மேலே போனது. “பிக் மான், கம்... வாங்கோ. டொக்ரர், வாங்கோ. ரீச்சர், வாங்கோ. யூ ஜட்ஜ். ஹவ் ஐ ரெல் வாடா?”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு தோள்கள் குலுங்கத் தொடங்கின. சத்தமே வராத சிரிப்பு. கடைசியில் சத்தமும் வந்தது. வெளியே பெயர் கூப்பிட்ட லிகிதர் பெண் கதவால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஜப்பானிய மொழியிலும் ‘வா’ என்று சொல்ல இப்படிப் பல சொற்கள் உண்டாம். விருந்தாளிக்கு ஒன்று, பெரியவருக்கு ஒன்று. ஆனால் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று; சின்ன வயதில் அவரை விளையாட்டிலிருந்து கூப்பிட அம்மா சொன்னது. அதாவது, என்றார், எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழி முழுவதும் உங்கள் வாடாதான்.

மற்றவை எப்படிப் போயின என்று மங்கைதான் கேட்டார். நான் கேட்கவில்லை. நீதிபதியை விண்ணப்பதாரர் கேள்வி கேட்க விதியில் இடமில்லை.

யுத்தம் என்றார் அவர்; கனடா ஜப்பானோடு சண்டை பிடித்த காலம். அதற்குப் பிறகு வீட்டில் அந்த மொழி பேசுவதைப் பெற்றோர் நிறுத்திவிட்டார்களாம். அவருடைய அப்பா இந்த நாட்டிலேயே பிறந்தவர். ஆனாலும் அந்தக் காலத்தில் படமும் பெருவிரல் அடையாளமும் ஒட்டிய ஓர் அட்டையைச் சட்டைப்பையில் கொண்டு திரியவேண்டியிருந்தது. மேற்குக் கரையில் இருந்த வீட்டையும் அரசாங்கம் பறித்துவிட்டது.

“ஐ நோ,” என்றார் மங்கை, எங்கள் ஊர் அடையாள அட்டையை நினைத்து. “ஐ.சி. செக்பொயின்ற். சோல்ஜர் சே, ஷோ ஐ.சி.”

அவர் தலையசைத்தார். அந்த அறையில் கொஞ்ச நேரம் யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

“மை சன், பேபி ரைம் ஓல்சோ, ஐ ரெல் வாங்கோ,” என்றார் மங்கை. மகன் எங்கே என்று அவர் கேட்டார். நான் இருமினேன். மங்கை என் இருமலைக் கணக்கிலெடுக்கவில்லை. “ஜேர்மனி. நைன் இயர்ஸ் நோ சீ. ஜனவரி வெடிங்.”

போயிற்று என்று நினைத்தேன்.

நீதிபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாகாணங்களைக் கேட்டார். மேற்கிலிருந்து கிழக்காக வந்தன. கிழக்கிலிருந்து மேற்காகவும் சொல்லட்டுமா என்று மங்கை கேட்டார். வேண்டாம் என்றார். விண்ணப்பத்தில் ‘மொழியறிவு’ என்ற கட்டத்தில் பேனாவை வைத்து, இந்த மேசையில் பலர் எனக்குத் தலைநகரத்தின் பெயர் சொல்லியிருக்கிறார்கள், இலக்கணம் சொன்னவர் நீங்கள்தான் என்றார். ஆனால், பெயர்ப் பலகையை ஒரு தடவையாவது உள்ளபடி வாசிக்க வேண்டும். அது விதி.

விதி என்றதும் நான் மங்கையைக் கண்டிப்போடு பார்த்தேன். மங்கை இரண்டு கண்ணையும் இறுக்கி மூடினார்.

“ஸொறி சேர். வாடா.” பிறகு மூச்சுக்குள், “முருகா, பொறுத்துக்கொள்.”

அவர் கையெழுத்துப் போட்டார்.

கார்த்திகையில் சத்தியப்பிரமாண வைபவம். நிறைந்த மண்டபம். ஹொங்கொங், கயானா, பிலிப்பைன்ஸ், மிச்சமெல்லாம் ஸ்காபரோத் தமிழர். கறுப்பு அங்கியில் நீதிபதி வாடா. ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட, அவரவர் மேடைக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிக் கை குலுக்கி இறங்க வேண்டும். நல்ல ஒழுங்கு. பார்க்கவே எனக்கு நிறைவாக இருந்தது.

ஒரு பெயருக்கு முன்னால் அவர் நிறுத்தினார். ஒரு சிறு தாளை எடுத்துப் பார்த்தார். “மங்-கை-யற்-கரசி. தில்-லை-யம்-பலம்.” ஓரெழுத்துப் பிசகவில்லை. எத்தனை நாள் பழகினாரோ. பிறகு ஒலிவாங்கிக்குக் கிட்டக் குனிந்து, மிகப் பணிவாக, “வாங்கோ,” என்றார்.

மங்கை எழுந்தார். கூடவே இன்னும் பதினான்கு பேர் எழுந்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியுமா? இந்த நாட்டு அலுவலகங்களில் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். இழுத்து முறித்த பெயரைச் சொல்லியும் கூப்பிட்டிருக்கிறார்கள். ‘வாங்கோ’ என்று யார் கூப்பிட்டது? முன்னால் வந்த பெயர் யாருடையது என்று எவரும் பார்க்கவில்லை. வரிசை குழம்பியது. கயானாக்காரர் ஒருவரும் எல்லோரும் போகிறார்களே என்று பின்னால் போனார். லிகிதர் பெண் சான்றிதழ் அடுக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். மேடையில் மங்கைக்குப் பின்னால் ஏறி நின்ற முதல் ஆள், போன வருடமே பிரஜையான தில்லையம்பலம்.

“நீங்கள் ஏனப்பா வாறியள்?” என்று மங்கை கேட்டது ஒலிவாங்கியில் மண்டபம் முழுக்கக் கேட்டது.

“அந்தாள் இவ்வளவு மரியாதையாக் கூப்பிடேக்கை, இருக்கச் சொல்லுறீரோ?”

நீதிபதி எல்லோருக்கும் கை கொடுத்தார். பிறகு ஒவ்வொருவராகத் திரும்ப அனுப்பி, முறைப்படி மறுபடி கூப்பிட்டார். வைபவம் அரை மணித்தியாலம் பிந்தி முடிந்தது.

பாஸ்போர்ட் ஃபோர்மை நான் ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்தேன். அன்று பின்னேரமே கொடுத்தோம். தையில் ரமணன் தாலி கட்டும்போது மங்கை அவன் பக்கத்தில் நின்றார். படத்தில் மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன, குளிர் என்கிறார்.

அந்த ‘வாங்கோ’வுக்கு நீரும் எழும்பினீரா என்று யாராவது எனக்கு எழுதுவீர்கள். விதிமுறை தெரிந்தவன் எழும்புவானா?

பாதிதான் எழும்பினேன்.